கான்டஸா ப்ரேக் பைப், பெட்ரோல் பைப் ரெண்டும் மாத்தணும், ஏசி காப்பர் பைப் போடலாமா?

கான்டஸா95 (காவேரிப்பட்டணம்)
ஞாயிறு இரவு 9:50

அண்ணனுங்க எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப எனக்கே வேலை வந்துடுச்சு. 95 மாடல் கான்டஸா கிளாசிக், 1.8 இசுசு பெட்ரோல். எனக்கு முன்னாடி வச்சிருந்தவரு நல்லா கை வச்சிருக்காரு, கார்புரேட்டர தூக்கிட்டு இன்ஜெக்ஷன், மாஸ்டர் சிலிண்டரும் (பெடல மிதிச்சா ப்ரேக் ஆயில தள்றது) பூஸ்டரும் மாருதியோடது, பின்னாடி அகல வீல், வண்டிய ரெண்டு இஞ்ச் இறக்கி வேற விட்ருக்காரு. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். பாக்க கெத்து, நம்ம ஊரு மஸில் காரு.

போன வாரம் காலைல பாத்தா பின்னாடி இடது டயர் உள்பக்கம் ஈரம். தெரு நாய் வேலைன்னு நெனச்சு ஒரு வாளி தண்ணி ஊத்தி கழுவிட்டேன். மறுநாளும் அதே எடத்துல ஈரம். தொட்டு பாத்தா வழவழன்னு இருக்கு, நாய் இல்ல, ப்ரேக் ஆயில். ஜாக்கி போட்டு உள்ள படுத்து டார்ச் அடிச்சா ஆக்ஸில் மேல போற பைப் பூரா துரு, நகத்தால சுரண்டினா அப்பளம் மாதிரி உதிருது. அது மட்டும் இல்லாம டிக்கி தெறந்தா பெட்ரோல் வாசம், வாங்கின நாள்ல இருந்தே இருக்கு, பழைய வண்டின்னா அப்படித்தான்னு விட்டுட்டேன் (தப்புதான், திட்டாதீங்க).

நம்ம ஊரு மெக்கானிக் "ஏசிக்காரன கூப்ட்டு காப்பர் பைப் இழுத்து ஃப்ளேர் அடிச்சி விட்ரலாம், அரை நாள் வேலை" ங்கறாரு (ஃப்ளேர்னா பைப் முனைய புனல் மாதிரி விரிச்சு நட்டுல உட்கார வைக்கிறது). அடுத்த மாசம் எஃப்சி. போடலாமா வேணாமா?

பழசுப்பிரியன் (கிருஷ்ணகிரி)
ஞாயிறு இரவு 10:14

முதல்ல வண்டிய நிறுத்து தம்பி. நாய் கதை படிச்சு சிரிச்சேன், ஆனா ரெண்டு நாள் அந்த ப்ரேக்க நம்பி ஓட்டியிருக்க. போட்டோ போடு.

கூலிங்_மாஸ்டர் (தர்மபுரி)
ஞாயிறு இரவு 10:31

நான் ஏசி மெக்கானிக்தான், அதனால நானே பதில் சொல்றேன். தாராளமா போடலாம் ப்ரோ. காப்பர் துரு பிடிக்காது, கைல வளையும், ஃப்ளேர் நட் நாங்க தினமும் பத்து அடிக்கிறோம். எங்க பெரியப்பாவோட வேன்ல நானே காப்பர்ல ப்ரேக் பைப் போட்டு குடுத்தேன், ஆறு வருஷம் ஓடுச்சு. வெளிநாட்டுலயே காப்பர்தான் போடறான், யூடியூப்ல பாருங்க.

ஓசூர்_ஃபிட்டர்
ஞாயிறு இரவு 11:05

வேணாம். காரணத்த சொல்லிடறேன், இல்லன்னா சண்டையா போயிடும்.

கூலிங் தம்பி, நீங்க அடிக்கிற ஃப்ளேர் ஒத்த மடிப்பு, 45 டிகிரி. உங்க சிஸ்டத்துல வெயில் காலத்துல ஹை சைடு அழுத்தம் என்ன வரும், 28, 30 பார்? கார்ல அழுத்தி மிதிச்சா 70, 80 பார் சாதாரணமா வந்துடும், குறுக்க மாடு வந்து பதறி மிதிச்சா அதுக்கும் மேல. அந்த அழுத்தத்துக்கு ஒத்த மடிப்பு ஓரம் வெடிக்கும். அதனாலதான் ப்ரேக் பைப்புக்கு டபுள் ஃப்ளேர், அதாவது ஓரத்த உள்பக்கமா ஒரு தடவ மடிச்சு அதுக்கு மேல கூம்பு அடிக்கிறது, உட்கார்ற எடத்துல ரெண்டு தகடு கனம் கிடைக்கும்.

ரெண்டாவது, சுத்தமான காப்பர் அதிர்வு வாங்க வாங்க இறுகி போயிடும். நீங்க புது ரோல வளைக்கறப்போ மெத்துனு வளையுது இல்ல, அதையே நாலு தடவ முன்னும் பின்னும் வளைச்சு பாருங்க, அஞ்சாவது தடவ கை வலிக்கும், பத்தாவது தடவ விரிசல் விடும். வண்டில அந்த வேலைய இன்ஜினும் ரோடும் சேந்து செய்யும், நட்டு உட்கார்ற கழுத்துகிட்டதான் முதல்ல போகும். வெளிநாட்டுக்காரன் போடறது பெரும்பாலும் வெறும் காப்பர் இல்ல, 90 பங்கு காப்பர் 10 பங்கு நிக்கல், குனிஃபர்னு சொல்லுவாங்க. வால்வோ 1970கள்லயே அதுக்கு மாறிட்டான். பாக்க கொஞ்சம் பழுப்பா காப்பர் மாதிரியே இருக்கும், அங்கதான் எல்லாரும் ஏமாறறாங்க.

நம்ம கடைல சாதாரணமா கிடைக்கிறது பண்டி ட்யூப், தகட்ட ரெண்டு சுத்து சுருட்டி உள்ள காப்பர் வச்சு ஒட்டின ஸ்டீல் பைப். அது போதும். ப்ரேக்குக்கு 3/16, அதாவது 4.75 மிமீ.

கூலிங்_மாஸ்டர்
ஞாயிறு இரவு 11:20

அப்போ எங்க பெரியப்பா வேன் ஆறு வருஷம் எப்படி ஓடுச்சு?

தொப்பூர்_இறக்கம்
திங்கள் காலை 6:02

ஓடுச்சு, சரி. அந்த வேன் தொப்பூர் இறங்குச்சா?

கூலிங்_மாஸ்டர்
திங்கள் காலை 7:45

பென்னாகரம் வரைக்கும்தான் போகும்ணா 😅

தொப்பூர்_இறக்கம்
திங்கள் காலை 8:30

அதான் கேட்டேன். தம்பி கான்டஸா, நான் என்ஹெச் 44ல சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவுல வாரத்துக்கு நாலு நாள் போறவன். தர்மபுரில இருந்து சேலம் போறப்போ தொப்பூர்ல இறக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும், எத்தன வண்டி அங்க போயிருக்குன்னும் தெரியும். லாரியெல்லாம் காத்து ப்ரேக், அது வேற கதை, நான் சொல்றது என் பழைய ஜீப்புல நடந்தது. ப்ரேக் ஆயில் எப்ப மாத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. இறக்கத்துல முன்னாடி ஒரு கன்டெய்னர் ஊர்ந்துட்டு போகுது, நானும் பின்னாடியே ப்ரேக்க மிதிச்சிட்டே வந்தேன், கீழ் வளைவுகிட்ட திடீர்னு பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடுச்சு, தரை வரைக்கும். செகண்ட் போட்டு, ஃபர்ஸ்ட் போட்டு, ஹேண்ட் ப்ரேக்க ஒவ்வொரு பல்லா இழுத்து ஓரமா மண்ணுல விட்டு நிறுத்தினேன். கூட வந்த மச்சான் இறங்கி ரோட்டோரம் உக்காந்தவன் அரை மணி நேரம் பேசல.

அதுல வேடிக்கை என்னன்னா இருபது நிமிஷம் கழிச்சு மிதிச்சு பாத்தா பெடல் பழையபடி கெட்டியா நிக்குது. எங்கயும் ஒழுகல. அப்புறம் ஒரு பெரியவர்தான் சொன்னாரு, ஆயில் தண்ணி குடிச்சிருக்கு, அந்த தண்ணி கொதிச்சு ஆவியாயிடுச்சு, ஆவி அமுங்கும் ஆயில் அமுங்காது, ஆறினதும் திரும்ப தண்ணியாயிடுச்சுன்னு. அதனால பைப்ப மட்டும் மாத்திட்டு பழைய ஆயிலையே திரும்ப ஊத்திராத. இறக்கத்துல நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலையும் வேணாம்.

ஓசூர்_ஃபிட்டர்
திங்கள் காலை 9:12

அண்ணன் சொன்னதுக்கு கணக்கு இதுதான். டாட் 3 ஆயில் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 205 டிகிரில கொதிக்கணும், ஈரம் ஏறிட்டா 140 வரைக்கும் இறங்கிடலாம். டாட் 4 புதுசு 230, ஈரம் ஏறினா 155. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடணும். தெறந்து வச்ச பழைய டின்ல மீதி இருக்குன்னு அத ஊத்தாதீங்க, மூடி இருந்தாலும் ஈரம் இழுத்திருக்கும். டாட் 5னு ஊதா கலர்ல ஒண்ணு வரும், அது சிலிகான், அத இதோட கலக்கவே கூடாது. அப்புறம் பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்தி கழுவணும், இல்லன்னா பெயின்ட் தோல் உரிஞ்சு வரும்.

மாங்கூழ்_மெயின்டனன்ஸ் (கிருஷ்ணகிரி)
திங்கள் மதியம் 1:40

நான் மாங்கா கூழ் ஃபேக்டரில மெயின்டனன்ஸ் பாக்கறேன். எங்ககிட்ட எஸ்எஸ் ட்யூப் துண்டு துண்டா கிடக்கும், 316 கிரேடு, ஆயுசுக்கும் துரு பிடிக்காது. ரெண்டு பக்கமும் ஃபெருல் (பைப்ப கவ்வற சின்ன வளையம்) போட்டு கம்ப்ரஷன் ஃபிட்டிங்ல இறுக்கி விட்டா ஃப்ளேரே தேவையில்ல. சீசன் முடிஞ்சிருச்சு, நானே வந்து போட்டு குடுப்பேன்.

ஓசூர்_ஃபிட்டர்
திங்கள் மதியம் 2:15

மனசுக்கு நன்றி தலைவா, ஆனா ப்ரேக்ல ஃபெருல் ஃபிட்டிங் வேணவே வேணாம். சாதாரண ஃபெருல் பைப்ப கவ்வித்தான் பிடிக்கும், ரோட்டு அதிர்வுல நழுவினா ஒரே மிதில மொத்த ஆயிலும் வெளிய. எஸ்எஸ் நல்ல பொருள்தான், ஆனா கடினம். சாதா டூல்ல டபுள் ஃப்ளேர் அடிச்சா ஓரம் பிளக்கும், பிளக்காம வந்தாலும் சீட்டுல (ஓட்டைக்குள்ள ஃப்ளேர் உட்கார்ற எடம்) அமுங்கி உட்காராது, கசிஞ்சிட்டே இருக்கும். ரேஸ் வண்டிக்காரங்க அதுக்குன்னே 37 டிகிரி ஃபிட்டிங்கும் ஸ்லீவும் வாங்கி போடுவாங்க. முதல் தடவ செய்யறவனுக்கு அது வேணாம்.

பழசுப்பிரியன்
திங்கள் மாலை 6:50

தம்பி ஒரு முக்கியமான விஷயத்த யாரும் சொல்லல. கான்டஸான்னா என்ன, வாக்ஸால் விக்டர் எஃப்இ வழில வந்த உடம்பு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 84ல இருந்து 2002 வரைக்கும் உத்தர்பாரால போட்டான், அதுல ஜப்பான் இன்ஜின், உன் வண்டில அதுக்கு மேல மாருதி மாஸ்டர் சிலிண்டர். மூணு நாட்டு மரை ஒரே வண்டில இருக்கும். நட்டு வாங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியா அளந்துக்கோ. எல்லாத்துக்கும் ஒரே நட்டுன்னு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து நான் பட்ட பாடு இருக்கே, என்னது பத்மினி காருதான், ஆனாலும் அதே பாடு.

ஓசூர்_ஃபிட்டர்
திங்கள் மாலை 7:30

சரியான பாயின்ட். மாருதி மாஸ்டர் சிலிண்டர்ல எம்10, அதாவது 10 மிமீ மரை, ஒரு மிமீ பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). பின்னாடி வீல் சிலிண்டர் பழசே இருந்தா 3/8 யூஎன்எஃப்பா (இஞ்ச் மரை) இருக்க வாய்ப்பு உண்டு. ஆபத்து எங்கன்னா, 3/8ன்னா 9.5 மிமீ சொச்சம், பிட்சும் கிட்டத்தட்ட அதே, அதனால அந்த நட்டு எம்10 ஓட்டைல ஜம்முனு ஏறும், கைலயே சுத்தலாம், நீயும் பரவால்ல பொருந்துதுன்னு சந்தோஷமா இறுக்குவ, கடைசி கால் சுத்துல மரை வழிச்சிட்டு வரும். இல்ல இன்னும் மோசம், அன்னைக்கு நின்னு ஒரு வாரம் கழிச்சு வரும். ஆடிட்டே ஏறுச்சுன்னா நிறுத்திடு. பிட்ச் கேஜ் ஒண்ணு வாங்கு, பெரிய விலை இல்ல.

இன்னொண்ணு ஃப்ளேர் வடிவம். ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாரு. அடில சின்ன கூம்பு மேல எழும்பி நின்னா டபுள் ஃப்ளேர். புனல் மாதிரி குழிஞ்சு இருந்தா பபிள் ஃப்ளேர், அதாவது பைப் முனை குமிழ் மாதிரி உருண்டு இருக்கறது. ஒண்ணுக்கு பதிலா ஒண்ணு போட்டா எவ்ளோ இறுக்கினாலும் கசியும், இறுக்கி இறுக்கி சீட்டும் போயிடும்.

அப்பாவோட_அம்பி (பாலக்கோடு)
திங்கள் இரவு 9:10

நடுவுல ஒரு சந்தேகம் அண்ணா, எங்க அப்பா வண்டி அம்பாசடர் பெட்ரோல். ஈ20 பெட்ரோல் (20 சதம் எத்தனால் கலந்தது) வந்ததுல இருந்து ஃபில்டர்ல கறுப்பு கறுப்பா துகள் வருது. பைப்தான் காரணமா?

ஓசூர்_ஃபிட்டர்
திங்கள் இரவு 9:48

பெரும்பாலும் ரப்பர் ஹோஸ். பழைய ரப்பர் எத்தனாலுக்குன்னு செஞ்சது இல்ல, ஊறி உப்பி உள்தோல் உதிரும். ஹோஸ கட்டை விரலால மடக்கி பாரு, வெளிய சின்ன சின்ன வெடிப்பு தெரிஞ்சா மாத்து. பழுப்பு தூளா வந்தா அது டேங்க்லயும் ஸ்டீல் பைப்லயும் இருக்கற துரு. எத்தனால் பழைய பிசின கரைச்சு கிளப்பி விடும், ஈரத்தையும் இழுக்கும், ஓடாம மாசக்கணக்குல நிக்கற வண்டிக்கு அதான் வினை. 2023 பிப்ரவரில இருந்து பங்குல வர ஆரம்பிச்சது, நம்ம வண்டியெல்லாம் அதுக்கு முன்னாடி பொறந்தது.

கான்டஸா, உனக்கு இது இன்னும் முக்கியம். உன் டிக்கி வாசத்துக்கு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. பம்ப்ல இருந்து போற ஹோஸ் மேல என்ன எழுதியிருக்குன்னு தொடச்சு பாத்து சொல்லு.

கான்டஸா95
செவ்வாய் இரவு 8:20

பாத்தேன்ணா. அழுக்க துணியால தொடச்சா "எஸ்ஏஇ ஜே30 ஆர்6"ன்னு மங்கலா இருக்கு. கிளாம்ப் பக்கத்துல ஹோஸ் வேர்த்த மாதிரி ஈரமா இருந்துச்சு, விரல் வச்சா பெட்ரோல். ஓட்டை போட்ட பட்டை கிளாம்ப், திருப்புளியால இறுக்கறது, அது ரப்பர அறுத்து உள்ள இறங்கியிருக்கு.

ஓசூர்_ஃபிட்டர்
செவ்வாய் இரவு 8:41

நெனச்சேன். ஆர்6 கார்புரேட்டர் ஹோஸ். கார்புரேட்டர் பம்ப் 3ல இருந்து 5 பிஎஸ்ஐ குடுக்கும், இன்ஜெக்ஷன் பம்ப் கிட்டத்தட்ட 3 பார், 43 பிஎஸ்ஐ. பத்து மடங்கு. அந்த ஹோஸ் இத்தன நாள் வெடிக்காம இருந்தது உங்க வீட்டு சாமி புண்ணியம்.

ஆர்9 வாங்கு, அதுல உள்பக்கம் எத்தனால் தாங்கற ஃப்ளூரோ ரப்பர் பூச்சு இருக்கும். டேங்க்குக்கு உள்ள பெட்ரோல்ல முங்கி இருக்கற துண்டுக்கு ஆர்9 ஆகாது, அதுக்கு ஆர்10ன்னு தனியா இருக்கு. கிளாம்ப் இன்ஜெக்ஷன் கிளாம்ப், பட்டைல ஓட்டை இருக்காது, ஓரம் வெளிய மடிஞ்சு இருக்கும், சின்ன போல்ட்ல இறுகும். ஹோஸ் மாட்டற ஸ்டீல் பைப் முனைல லேசா மேடு எழுப்பி இருக்கணும், மொட்டை பைப்ல மாட்டினா 3 பார்ல கழண்டுக்கும். ரப்பர் எவ்ளோ குறைவோ அவ்ளோ நல்லது, தரை முழுக்க 5/16 ஸ்டீல் பைப்பே போகட்டும், ரெண்டு முனைல மட்டும் ரப்பர். டேங்க்குக்கு திரும்பற ரிட்டர்ன் லைன் இருக்கா பாரு, இருந்தா அதையும் மாத்து.

பம்ப் வயர் எங்க இருந்து எடுத்திருக்கான்னும் பாரு. சாவி போட்டா நேரா ஓடற மாதிரி குடுத்திருந்தா ஆபத்து, எங்கயாவது மோதி இன்ஜின் நின்னாலும் பம்ப் பெட்ரோல பீச்சிட்டே இருக்கும். இன்ஜின் சுத்தினாத்தான் ரிலே பிடிக்கணும்.

தொப்பூர்_இறக்கம்
செவ்வாய் இரவு 9:00

இன்ஜினுக்கு குடுத்த காசுல பத்துல ஒரு பங்கு கீழ பைப்புக்கு குடுத்திருந்தா இந்த கதையே இல்ல. பழைய ஓனர சொல்றேன், உன்ன இல்ல தம்பி.

மாங்கூழ்_மெயின்டனன்ஸ்
செவ்வாய் இரவு 9:15

இந்த இன்ஜெக்ஷன் மாத்தினதெல்லாம் ஆர்டிஓல ஒத்துக்குவாங்களா?

பழசுப்பிரியன்
செவ்வாய் இரவு 9:33

2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, கம்பெனி குடுத்ததுல இருந்து மாத்தக்கூடாதுன்னு. எஃப்சிக்கு முன்னாடி அந்த ஆஃபீஸ்லயே நேரா கேட்டுக்கறது நல்லது. அது தனி இழை, இங்க ஆரம்பிச்சா விடிஞ்சிடும். பைப்புக்கு வாங்க.

கான்டஸா95
ஞாயிறு இரவு 10:20

வேலைய ஆரம்பிச்சிட்டேன், அப்டேட். நீளமா இருக்கும், டீ போட்டுட்டு வாங்க.

மெக்கானிக் கிட்ட காப்பர் வேணாம்னேன், "அப்போ நீயே பண்ணிக்கோ"ன்னு சிரிச்சிட்டே சொல்லிட்டாரு, கோவம் இல்ல, ஆனா வரல. சரின்னு பெங்களூரு ஜேசி ரோடு போய் பண்டி ட்யூப் 25 அடி ரோல், ஆர்9 ஹோஸ், கிளாம்ப், ஃப்ளேரிங் டூல், நட்டு ரெண்டு வகை எல்லாம் வாங்கிட்டு வந்தேன். பிட்ச் கேஜ் வச்சு பாத்தா அண்ணன் சொன்னது அப்படியே, முன்னாடி எம்10, பின்னாடி வீல் சிலிண்டர் ரெண்டும் 3/8. சீட்டு எல்லாத்துலயும் கூம்பு எழும்பி இருக்கு, அதனால ஃப்ளேர் மட்டும் ஒரே வகை, டபுள்.

முதல்ல பெட்ரோல். பம்ப் ஃபியூஸ பிடுங்கிட்டு இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டேன், அப்புறம் பேட்டரி கழட்டிட்டு, வீட்டுக்கு வெளிய மாந்தோப்பு ஓரம் வச்சு இரும்பு கேன்ல டேங்க்க காலி பண்ணேன். பக்கத்துல தீயணைக்கற சிலிண்டர் ஒண்ணு, ஒரு மூட்டை மண்ணு. எதிர் வீட்டு தாத்தா பீடியோட "என்னப்பா பண்ற"ன்னு வந்தாரு, அவர அப்படியே திருப்பி அனுப்பறதுதான் அன்னைக்கு பெரிய வேலை.

பழைய ப்ரேக் நட்டு ஒண்ணு கூட கழலல. ரெண்டு நாள் டபிள்யூடி-40 அடிச்சு ஊற வச்சேன். சாதா ஸ்பேனர்ல முயற்சி பண்ணி ஒண்ண உருட்டிட்டேன், அப்புறம் புத்தி வந்து பைப்பையே நட்டு ஓரமா வெட்டி எறிஞ்சிட்டு ஆறு பட்டை சாக்கெட் போட்டேன், டக்குனு கழண்டுச்சு. எப்படியும் தூக்கி போடற பைப்தான, முதல்லயே வெட்டியிருக்கலாம். ஆக்ஸில் மேல இருந்த துண்டு கழட்டறப்பவே கைல ரெண்டா உடைஞ்சிடுச்சு. உள்ள ஆயில் டீ டிகாஷன் கலர்ல இருந்துச்சு.

பழைய பைப்ப தூக்கி போடாம சுவத்துல ஆணி அடிச்சு வரிசையா மாட்டி, அது வளைஞ்ச மாதிரியே கட்டுக்கம்பிய முதல்ல வளைச்சு, வண்டில வச்சு பாத்து, அதுக்கப்புறம்தான் புது பைப்ப வெட்டினேன்.

இப்ப சொல்ல வெக்கமா இருக்கற பார்ட். முதல் பைப், அஞ்சடி, வளைவெல்லாம் அச்சு அசலா வந்துச்சு, ரெண்டு பக்கமும் ஃப்ளேர் அடிச்சேன், கண்ணாடி மாதிரி ஃப்ளேர், போட்டோ எல்லாம் எடுத்தேன். மாட்ட போறப்போதான் தெரியுது, நட்ட உள்ள போடாமயே அடிச்சிருக்கேன்.

பழசுப்பிரியன்
ஞாயிறு இரவு 10:26

😂😂😂 வா வா, சங்கத்துக்கு வா. இத பண்ணாதவன் எவனும் இல்ல.

கூலிங்_மாஸ்டர்
ஞாயிறு இரவு 10:30

பன்னெண்டு வருஷமா ஃப்ளேர் அடிக்கிறேன், மாசம் ஒரு தடவ இன்னும் நான் பண்றேன் ப்ரோ.

கான்டஸா95
ஞாயிறு இரவு 10:44

சரி மேல கேளுங்க. ரெண்டாவது பிரச்சனை, ஃப்ளேர் ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு வருது. நாலு துண்டு வீணாச்சு. ஹேக்ஸாவால வெட்டினா முனை கோணலா இருக்கு, ட்யூப் கட்டர்ல வெட்டினாலும் உள்பக்கம் பிசிறு. என்ன தப்பு பண்றேன்?

கூலிங்_மாஸ்டர்
ஞாயிறு இரவு 10:58

இது எனக்கு தெரிஞ்ச வேலை, நான் சொல்றேன். ஹேக்ஸா தூக்கி வை. கட்டர ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு, அவசரப்பட்டு இறுக்கினா வாய் சுருங்கிடும். வெட்டினதும் முனைய கீழ பாத்து பிடிச்சு உள்பிசிறு எடு, தூள் உள்ள போகக்கூடாது. வெளி ஓரத்தையும் அரத்தால லேசா சாய்ச்சு விடு. பைப்ப டூலோட பிடி கட்டைல எவ்ளோ தூக்கி வைக்கணும்ங்கறது அந்த டபுள் ஃப்ளேர் அச்சோட கனம்தான், கண்ணால பாக்காத, அச்ச பக்கத்துல வச்சு சமமா தடவி பாரு. கட்டையோட ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி இறுக்கு, பைப் துளி நழுவினாலும் சாஞ்சிடும். முனைல ஒரு சொட்டு ப்ரேக் ஆயில் தொட்டுக்கோ, கிரீஸ் வேணாம்.

ஓசூர்_ஃபிட்டர்
ஞாயிறு இரவு 11:10

இத விட தெளிவா நானே சொல்லியிருக்க மாட்டேன் 👏

கூலிங்_மாஸ்டர்
ஞாயிறு இரவு 11:16

புதன்கிழமை எனக்கு காவேரிப்பட்டணத்துல ஒரு சர்வீஸ் இருக்கு. முடிச்சிட்டு வரவா? அந்த டபுள் ஃப்ளேர் அச்ச நானும் பாக்கணும்.

கான்டஸா95
ஞாயிறு இரவு 11:18

வாங்கண்ணா, மதியம் சாப்பாடு நம்ம வீட்ல.

கான்டஸா95
புதன் இரவு 9:35

கூலிங் அண்ணன் வந்தாரு. ரெண்டு மணி நேரத்துல பதினோரு ஃப்ளேர், ஒண்ணு கூட சாயல. கோழி குழம்பு மூணு தடவ வாங்கி சாப்பிட்டாரு, அதையும் இங்க பதிவு பண்றேன்.

பைப் பூரா மாட்டியாச்சு. சைலன்சர்ல இருந்து தள்ளி கொண்டு போயிருக்கேன், பழைய ஓனர் பெட்ரோல் பைப்ப சைலன்சர் பக்கத்துலயே ஒட்டி விட்டிருந்தாரு, வெயில்ல ஓசூர் டிராஃபிக்ல இன்ஜின் திணறினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்னு தோணுது. ஒரு முழத்துக்கு ஒரு ரப்பர் வச்ச கிளிப், தகட்டுல நுழையற எடத்துல க்ரோமெட் (ரப்பர் வளையம்). ஃப்ளெக்சிபிள் ஹோஸ் மூணும் புதுசு. பழைய முன் ஹோஸ் ஒண்ண அறுத்து பாத்தோம், உள்ள ஓட்டை குச்சி நுழையற அளவு கூட இல்ல, உப்பி அடைச்சிருக்கு. வலது முன் வீல் எப்பவும் சூடா இருந்ததுக்கு காரணம் இதான் போல.

ஓசூர்_ஃபிட்டர்
புதன் இரவு 9:52

அதேதான், மிதிக்கறப்போ அழுத்தத்துல ஆயில் போயிடும், விட்டா திரும்பி வராது, ப்ரேக் பிடிச்சபடியே ஓடும். இப்ப ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, வீல தொங்க விட்டு, ஹோஸ் இழுபடுதா டயர்ல உரசுதான்னு பாரு. உன்னது இறக்கின வண்டி, அகல டயர், அவசியம் பாக்கணும்.

ப்ளீடிங் (பைப்ல இருக்கற காத்த வெளிய எடுக்கறது) பண்றப்போ பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டை வை, தரை வரைக்கும் மிதிக்க விடாத. மாஸ்டர் சிலிண்டர் உள்ள வழக்கமா ரப்பர் போகாத பகுதில துரு இருக்கும், முழுசா மிதிச்சா வாஷர் கிழிஞ்சிடும்.

கான்டஸா95
வெள்ளி இரவு 10:05

ப்ளீடிங்ல மாட்டிக்கிட்டேன். ஒரு அமெரிக்கா வீடியோ, பழைய கமேரோ வண்டி, அவன் பின்னாடி வலது வீல்ல ஆரம்பிச்சான், நானும் அப்படியே ஆரம்பிச்சு நாலு வீலும் சுத்தி வந்துட்டேன். அக்கா பையன் பெடல்ல, நான் கீழ. "மிதி, பிடி, விடாத, விடாதன்னு சொன்னேன்ல, ஏன்டா விட்ட" இதையே நாப்பது தடவ. பெடல் இன்னும் பஞ்சு.

ஓசூர்_ஃபிட்டர்
வெள்ளி இரவு 10:21

அவன் வண்டில டிரைவர் இடது பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் இடது பக்கம், அதனால அவனுக்கு தூரம் வலது பின் வீல். நமக்கு தலைகீழ். இடது பின், வலது பின், இடது முன், வலது முன், இதான் வரிசை. ஆனா பஞ்சுக்கு அது மட்டும் காரணமா இருக்காது. மாஸ்டர் சிலிண்டர கழட்டி மாட்டினியா? கழட்டினா வெளிய வைஸ்ல பிடிச்சு காத்து எடுத்துட்டுதான் மாட்டணும்.

கான்டஸா95
வெள்ளி இரவு 10:25

கழட்டினேன். வெளிய எடுக்கல 🤦

கான்டஸா95
ஞாயிறு மாலை 5:40

எடுத்தாச்சு. வைஸ்ல பிடிச்சு, ரெண்டு சின்ன ட்யூப்ப திரும்ப டப்பாக்குள்ளயே விட்டு, ஸ்க்ரூ டிரைவரால மெதுவா தள்ள தள்ள குமிழு குமிழா ரொம்ப நேரம் வந்துச்சு. அதுக்கப்புறம் இடது பின்ல ஆரம்பிச்சு சுத்தி வந்தா பெடல் மேலயே கல்லு மாதிரி நிக்குது. ஒரு நிமிஷம் அழுத்தி பிடிக்க சொல்லிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தினத்தாள் துண்டு வச்சு ஒத்தி பாத்தேன். பதினாறு ஜாயின்ட்ல ஒண்ணுல மட்டும், பின்னாடி பைப் ரெண்டா பிரியற டீ ஜாயின்ட்ல, ஒரு கடுகு அளவு ஈரம். கழட்டி பாத்தா ஃப்ளேர்ல மண்ணு துகள். தொடச்சு இறுக்கினேன், காஞ்சிடுச்சு.

பெட்ரோல் பக்கம் சாவி மட்டும் போட்டு பம்ப் ஓட விட்டு பாத்தேன், கசிவு இல்ல. ஆமாண்ணா, நீங்க சொன்ன மாதிரி நேராதான் குடுத்திருந்தான், பாத்து முடிச்ச கையோட ரிலே மாத்தி வச்சாச்சு. டிக்கி தெறந்தா இப்ப ஸ்டெப்னி ரப்பர் வாசம் மட்டும்தான்.

முதல்ல தோப்புக்குள்ள பத்து கிலோமீட்டர் வேகத்துல, அப்புறம் கேஆர்பி டேம் ரோடு, இன்னைக்கு தொப்பூர் போய்ட்டு வந்தேன். மூணாவது கியர்லயே இறக்கினேன், கீழ நிறுத்தி மிதிச்சு பாத்தேன், அதே உயரம்.

தொப்பூர்_இறக்கம்
ஞாயிறு மாலை 6:15

கீழ டீக்கடைல நிறுத்தினியா? கறுப்பு கான்டஸாவா? நான் எதிர்ல ஏறிட்டு இருந்தேன்யா, ஹார்ன் அடிச்சது நான்தான்.

கான்டஸா95
ஞாயிறு மாலை 6:18

அந்த பச்சை லாரியா!! நான் எதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சு இன்னும் ஓரமா ஒதுங்கி நின்னேன் 😂

அப்பாவோட_அம்பி
ஞாயிறு இரவு 8:02

அண்ணா சுவத்துல மாட்டி வச்சிருக்கற அந்த பழைய பைப்ப தூக்கி போட்டுடாதீங்க, எங்க அம்பிக்கு டெம்ப்ளேட்டா வச்சுக்கலாமா?

பழசுப்பிரியன்
ஞாயிறு இரவு 8:10

டேய் அது கான்டஸா பைப்புடா, அம்பாசடர்க்கு எப்படிடா பொருந்தும். உன் வண்டி பைப்ப கழட்டி உன் வீட்டு சுவத்துல மாட்டு.

கூலிங்_மாஸ்டர்
ஞாயிறு இரவு 8:31

அம்பி தம்பி, பைப்ப நீ கழட்டி வை, நான் வரேன். அச்சு நானும் ஒண்ணு வாங்கிட்டேன். முதல்ல பெரியப்பா வேன முடிச்சிட்டு வரேன், அவர் இன்னும் அந்த காப்பர்லதான் ஓட்டிட்டு இருக்காரு.